கேமரா வச்ச பேர்ட் ஃபீடர்: பெட்டி விலையைப் பார்க்காதீங்க, மூணு வருஷக் கணக்கைப் பாருங்க

இன்ஸ்டாகிராம்ல ஒரே ஒரு பறவை வீடியோவுக்கு லைக் போட்டுப் பாருங்க. அடுத்த ஒரு வாரத்துக்கு இந்த விளம்பரம்தான் வரும். குட்டி வீடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. முன்னாடி தானியம், உள்ள கேமரா. ஒரு பறவை வந்து உக்காந்ததும் உங்க போனுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன்: "இன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி." முகத்துக்கு நேரா, கண்ணுல வெளிச்சம் பட்டு, அவ்வளவு அழகான போட்டோ. ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவுல இப்படி ஒண்ணு வந்தா யாருக்குத்தான் பிடிக்காது?

"எந்த பிராண்ட் வாங்கலாம்? பேர்ட் படியா, பேர்ட்ஃபையா?" இந்தக் கேள்விக்கு இணையத்துல நூறு வீடியோ இருக்கு. எல்லாத்துலயும் ஒப்பிடுறது மெகாபிக்சல், தானியம் எவ்வளவு கொள்ளும், சோலார் இருக்கா இல்லையா. ஆனா உங்க பர்ஸைத் தொடுற விஷயம் வேற மூணு. சந்தா எவ்வளவு? போட்டோ யார்கிட்ட இருக்கு? கம்பெனி நாளைக்கு இல்லேன்னா இந்தப் பெட்டிக்கு என்ன ஆகும்? நான் அதை வச்சுதான் ஒப்பிடப்போறேன்.

முதல்ல இது எங்கிருந்து வந்த பொருள்னு பாருங்க. அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல ஃபீடர் தொங்கவிடுறது ரொம்பப் பழைய பழக்கம். குளிர்காலத்துல பனி மூடிடும், பூச்சி இருக்காது, விதை கிடைக்காது. அதனால சூரியகாந்தி விதை போட்டா கார்டினல், ஃபிஞ்ச், டிட் எல்லாம் வரிசைகட்டி வரும். அந்தப் பழக்கத்துமேல ஒரு கேமராவையும் ஏஐ-யையும் வச்சதுதான் இந்தத் தொழில். ஸ்லோவேனியாவுல தொடங்கின பேர்ட் படி, 2020 கடைசியில கிக்ஸ்டார்ட்டர்ல கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர் திரட்டின பிறகு இது ஒரு பெரிய சந்தையா ஆச்சு. நெட்வ்யூ கம்பெனியோட பேர்ட்ஃபை, ஃபெதர்ஸ்னாப், இன்னும் பேர் தெரியாத பத்துப் பதினஞ்சு பிராண்ட் இப்ப இருக்கு. விலை பெரும்பாலும் 150 முதல் 300 டாலருக்குள்ள.

பணம் எடுக்குற விதத்துலதான் இவங்களுக்குள்ள வித்தியாசம். பேர்ட் படில என்ன பறவைன்னு அடையாளம் காட்டுறது சந்தா இல்லாமயே கிடைக்கும், கூடுதல் வசதிக்குத்தான் பிரீமியம். பேர்ட்ஃபைல ஒரே பெட்டியை ரெண்டு விதமா விப்பாங்க: லைட்னு ஒண்ணு, அதுல ஏஐ வேணும்னா மாசச் சந்தா. இன்னொண்ணு கொஞ்சம் விலை கூட, ஆனா ஏஐ "லைஃப்டைம்". ஃபெதர்ஸ்னாப்ல முழு வசதியும் வேணும்னா சந்தா கட்டித்தான் ஆகணும். சந்தா கேக்குறவங்க பொதுவா மாசம் 5 டாலர், 7 டாலர்னு கேக்குறாங்க. இந்தத் திட்டங்களை அடிக்கடி மாத்துவாங்க, அதனால வாங்குற அன்னிக்கு அந்தப் பக்கத்தைப் படிச்சிடுங்க. பழைய ரிவ்யூ வீடியோவை நம்பாதீங்க, என்னோடதையும் சேர்த்துத்தான்.

இப்ப கணக்கு. டாலர் 90 ரூபாய்னு வச்சுக்குவோம். பெட்டி 250 டாலர், அதாவது 22,500 ரூபாய். சந்தா மாசம் 5 டாலர்னா மூணு வருஷத்துக்கு 180 டாலர், 16,200 ரூபாய். கூட்டினா 38,700. கிரெடிட் கார்டுல டாலர்ல கட்டினா நிறைய பேங்க் 3.5% வரைக்கும் ஃபாரெக்ஸ் மார்க்கப் போடும், அந்த மார்க்கப் மேல 18% ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 1,600 ரூபாய் அதுலயே போயிடும். ஆக 40,300. கஸ்டம்ஸ் டியூட்டியும் ஷிப்பிங்கும் இதுல சேரவே இல்லை. மாசம் கையில 40,000 வாங்குற ஒருத்தருக்கு இது ஒரு மாசச் சம்பளம்.

அதே நேரம், 300 டாலருக்கு சந்தாவே இல்லாத மாடல் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்குங்க. பார்த்த உடனே "50 டாலர் ஜாஸ்தியா?"ன்னு தோணும். மாசம் 5 டாலர் மிச்சம்னா பத்தே மாசத்துல அந்த 50 டாலர் திரும்ப வந்துடும். மூணு வருஷத்துல மார்க்கப்பையும் சேர்த்து 28,100 ரூபாயோட முடியும். விலை கூடின பெட்டிதான் 12,000 ரூபாய் மலிவு. பிரிண்டரை சல்லிசா வித்துட்டு இங்க்ல சம்பாதிக்கிற அதே வியாபாரம்தான் இதுவும்.

5 டாலர்தானேன்னு விடுறது எங்க போய் நிக்குதுன்னா, அது தனியா வர்றதில்லை. ஓடிடி ரெண்டு, மியூசிக் ஒண்ணு, கிளவுட் ஸ்டோரேஜ் ஒண்ணு, அதோட இதுவும். கார்டுல ஆட்டோ டெபிட் போறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி பேங்க் மெசேஜ் அனுப்பணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. அனுப்புறாங்க. நாமதான் அதை ஓடிபி மெசேஜ் குப்பையோட சேர்த்து ஒதுக்கிடறோம். பறவை வர்றது நின்னு நாலு மாசம் ஆகியிருக்கும், சந்தா மட்டும் ஒழுங்கா பறந்துக்கிட்டிருக்கும்.

"லைஃப்டைம்"ங்கற வார்த்தையையும் கொஞ்சம் தட்டிப் பாருங்க. யாரோட லைஃப்? உங்களோடதா, பெட்டியோடதா, கம்பெனியோடதா? ரெவால்வ்னு ஒரு ஸ்மார்ட் ஹோம் கருவி, 299 டாலருக்கு வித்தது. கம்பெனியை கூகுளோட நெஸ்ட் வாங்கினது. 2016-ல சர்வரை நிறுத்தினாங்க, காசு கொடுத்து வாங்கின பெட்டி எதுக்கும் உதவாம போச்சு. ஸ்பாட்டிஃபை கார்ல வைக்கிற ஒரு கருவி வித்தாங்க, கார் திங்னு பேரு. 2024 டிசம்பர்ல அதையும் நிறுத்திட்டாங்க. பெரிய கம்பெனிகளே இப்படின்னா, நாலஞ்சு வருஷம் முன்னாடி தொடங்கின ஃபீடர் கம்பெனியோ, பேர் தெரியாத பிராண்டோ பத்து வருஷம் சர்வர் ஓட்டும்னு எதை வச்சு நம்புறது? அதனால என் முதல் விதி: உள்ள மெமரி கார்டு போட இடம் இல்லாத ஃபீடரை வாங்காதீங்க. கம்பெனி போனாலும் எடுத்த படமாவது உங்க கையில இருக்கும். ரெண்டாவது, இன்டர்நெட் இல்லாம வீட்டு வைஃபைலயே ஆப் வேலை செய்யுதான்னு பாருங்க. பெரும்பாலான மாடல்ல செய்யாது.

சரி, நம்ம ஊர் பால்கனிக்கு வருவோம். விளம்பரத்துல சொல்லாத விஷயம் இங்கதான் இருக்கு.

இந்த ஃபீடர் எல்லாம் விதை தின்னுற பறவைக்காக செஞ்சது. சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ அப்பார்ட்மென்ட் மூணாவது மாடியில விதை வச்சா யார் வருவாங்க? புறா. அப்புறம் புறா. பிறகு காக்கா, அணில். அதிர்ஷ்டம் இருந்தா சிட்டுக்குருவி, பக்கத்துல மரம் இருந்தா கிளி. நீங்க ஆசைப்பட்டுக் காத்திருக்கிற தேன்சிட்டு பூவுல தேன் குடிக்கிற பறவை. தையல்சிட்டு பூச்சி பிடிக்கும். கொண்டைக்குருவிக்குப் பழம் வேணும். இவங்க யாரும் சூரியகாந்தி விதையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ஏஐ-க்கு ஆயிரக்கணக்கான இனம் தெரியும்னு விளம்பரம் போடுவாங்க. உங்க பால்கனிக்கு வர்றது அஞ்சு இனம், அந்த அஞ்சையும் உங்க பாட்டி சந்தா வாங்காம சொல்லிடுவாங்க.

புறா விஷயம் சிரிச்சுட்டுப் போற விஷயமும் இல்லை. காய்ஞ்ச எச்சத்தூளைத் தொடர்ந்து சுவாசிச்சா சிலருக்கு நுரையீரல்ல அலர்ஜி வந்து நிரந்தரப் பாதிப்பு வரைக்கும் போகும். 2025 ஜூலைல மும்பை மாநகராட்சி, கபூதர்கானான்னு சொல்ற பழைய புறாத் தீவன இடங்களை மூட ஆரம்பிச்சது, விஷயம் பாம்பே ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. உங்க அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப் அந்த அளவுக்குப் போகாது, ஆனா கீழ் வீட்டு ஆன்ட்டி துணி காயப்போடுற கொடிமேல எச்சம் விழுந்தா அது அன்னிக்கு சாயந்திரமே தெரியும். வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கேமரா எதிர் வீட்டு ஜன்னலைப் பார்க்காம திருப்பி வைக்கிறதும் முக்கியம். 40,000 ரூபாய் போட்டு சண்டையை விலைக்கு வாங்கக்கூடாது பாருங்க.

வேற வழி இருக்கு, நான் அதைத்தான் சொல்லுவேன். வீட்டுக்குள்ள வைக்கிற சாதாரண வைஃபை கேமரா 2,000, 2,500 ரூபாய்க்கே கிடைக்குது. கார்டு ஒண்ணு சுமார் 1,000. மண் சட்டி ஒண்ணு 150. தொங்கவிடுற சாதா ஃபீடர் 400. மொத்தம் 4,000 பக்கம். அசைவு தெரிஞ்சா ரெக்கார்ட் பண்ணும், போனுக்கு அலர்ட் வரும், படம் கார்டுல இருக்கும், சந்தா கட்டாயமில்லை.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. இந்த கேமரா எல்லாம் தூரத்துல இருக்கிற ஆளைப் பார்க்கிறதுக்கு ஃபோகஸ் பண்ணி வச்சது. ஃபீடருக்கு ஒட்டி வச்சா பறவை மங்கலாத்தான் தெரியும். மூணு நாலு அடி தள்ளி வைங்க, தெளிவா வரும். அந்த ரீல்ஸ் மாதிரி மூக்குக்கு நேரா குளோசப் வராது, இதை ஒத்துக்கணும். காசு அதிகம் கொடுத்து வாங்குற ஃபீடர்ல உண்மையிலேயே நல்லா இருக்கிற விஷயம் அந்த நெருக்கம்தான். அதுக்கு 36,000 ரூபாய் வித்தியாசம் தகுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். இன்னொண்ணு, இது வீட்டுக்குள்ள வைக்கிற கேமரா. மழை சாரல் படாத மூலையில வைங்க, இல்லேன்னா கொஞ்சம் கூடப் போட்டு வெளியில வைக்கிற மாடலையே வாங்கிடுங்க.

தானியத்தைவிட தண்ணிக்குத்தான் நம்ம ஊர்ல கூட்டம் அதிகம். ஏப்ரல், மே வெயில்ல ஒரு மண் சட்டியில ரெண்டு விரக்கடை தண்ணி வச்சா மைனா, கொண்டைக்குருவி எல்லாம் குளிக்கவே வரும். விதை தின்னாத பறவையும் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும். தினமும் கழுவி மாத்துங்க, கொசு வராது. பக்கத்துல ஒரு தொட்டியில செம்பருத்தி வச்சா தேன்சிட்டு வர வாய்ப்பு இருக்கு. செலவு 100 ரூபாய்.

பேர் தெரியாத பறவை வந்துட்டா? மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவையியல் ஆய்வகம் நடத்துறது. முழுக்க இலவசம். போட்டோவைக் கொடுத்தாலும் சொல்லும், பறவை கத்துறதைக் கேக்க வச்சாலும் சொல்லும். இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை ஒரு தடவை டவுன்லோட் பண்ணிட்டா இன்டர்நெட்கூட வேண்டாம். மாசம் 5 டாலர் கொடுத்து வாங்குற அதே வேலையை ஒரு பல்கலைக்கழகம் சும்மா கொடுக்குது. இது எனக்கு இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

இந்த இடத்துல "அந்த 36,000-ஐ எஸ்ஐபில போட்டா 20 வருஷத்துல எவ்வளவு"ன்னு ஒரு கணக்கு வரும்னு எதிர்பார்த்திருப்பீங்க. போடப்போறதில்லை. ஆசைக்குச் செலவு பண்றது பாவம் இல்லை, சம்பாதிக்கிறதே அதுக்கும் சேர்த்துத்தான். என் சண்டை ஆசையோட இல்லை, அந்த ஆசையை மாசத் தவணையா மாத்துறதோட. நோ காஸ்ட் இஎம்ஐ-ல வாங்கி, மேல ஒரு சந்தாவும் போட்டா, ஒரே பொருளுக்கு ரெண்டு தவணை கட்டுறீங்க. பறவை பார்க்கத்தான் ஆசைன்னா, 10,000 ரூபாய்க்குள்ள நல்ல பைனாகுலர் வரும். சென்னையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள்ள வேடந்தாங்கல். நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் கூட்டமா இருக்கும். பொங்கல் லீவுல தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுப்பு நடத்துறாங்க, உங்க மொட்டை மாடியிலேயே 15 நிமிஷம் எண்ணி அனுப்பலாம்.

அப்ப யார் வாங்கலாம்? ஊர்ல சொந்த வீடு, சுத்தி தோட்டம், மாமரம், வாசல் வரைக்கும் வைஃபை. பசங்க எல்லாம் வெளியூர்ல இருக்க, அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீடு. அங்க புறாவைத் தவிர நிறைய வரும். அவங்க தோட்டத்துல என்ன வந்துச்சுன்னு நீங்க பெங்களூர்ல இருந்து பார்ப்பீங்க, அதை வச்சு ஒரு போன் கால் கூடுதலா வரும். அங்கயும் கார்டு ஸ்லாட் உள்ள, சந்தா இல்லாத மாடல்தான். நிழல்ல மாட்டுங்க, மே மாச வெயில் லித்தியம் பேட்டரியோட ஆயுளைச் சீக்கிரம் தின்னுடும்.

நிறைய பேருக்கு அடுத்து தோணுறது, "நியூஜெர்சில இருக்கிற அண்ணன் டிசம்பர்ல வர்றாங்க, வாங்கிட்டு வரச் சொல்லலாமா?" ஃபாரெக்ஸ் மார்க்கப்பும் ஷிப்பிங்கும் மிச்சம், சரிதான். ஆனா அங்க வாங்கினதோட வாரன்டியை இங்க எடுக்க முடியுமான்னு முன்னாடியே கேளுங்க. பெரும்பாலும் அவங்க ஊருக்குத்தான் திருப்பி அனுப்பச் சொல்வாங்க, அந்த கூரியர் காசுக்கு இங்க ஒரு வைஃபை கேமரா வாங்கிடலாம். அண்ணன் அவர் ஐடில ஆப்ல சேர்த்து ஒரு தடவை சோதிச்சுப் பார்த்திருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி அந்த அக்கவுண்ட்லேர்ந்து பெட்டியை நீக்கச் சொல்லுங்க. இல்லேன்னா உங்க வீட்டுப் புறா போட்டோ எல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு அண்ணியோட போன்ல போய் விழும்.