டிக் போடுறதுக்கு முன்னாடி மேலே ஏறுங்க

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிறேன். போன லீவில் இராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலைக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். பஞ்சு குடோனில் ஒரு டன் எலக்ட்ரிக் ஹாய்ஸ்ட். அதன் செக்லிஸ்ட்டை நீட்டி, "ஓடிட்டுதான தம்பி இருக்கு, டிக் போட்டுக் குடுத்திருங்க" என்றார் ஃபிட்டர் அண்ணன். பிரேக், ரோப், ஹூக், லிமிட் ஸ்விட்ச் எல்லாத்துக்கும் ஏணியில் ஏறாமலே டிக் போட்டேன்.

ரெண்டு நாள் கழித்து வெளியிலிருந்து சர்வீஸ்காரர் வந்தார். மேலே ஏறி, வேஸ்ட் துணியால் ரோப்பைச் சுற்றிப் பிடித்து மெதுவாக நகர்த்தினார். டிரம் பக்கத்தில் துணி மாட்டியது. உள்ளே கம்பிகள் அறுந்து முள் முள்ளாக நின்றன. ரோப்பை அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். அன்று காலை வரை அதற்குக் கீழே நின்றுதான் நாங்க டீ குடிச்சோம்.

"ஓடுது" என்பது சான்றிதழ் இல்லைங்க. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் ரோப் டிரம்மில் வளைந்து நிமிர்கிறது. நாம் பரீட்சைக்குப் படிக்கும் ஃபெட்டீக் இதுதான். இருபது வருஷம் ஓடியிருக்கு என்றால், அது இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்லும் காரணம். பிரேக்கும் அப்படித்தான்: கரண்ட் போனால் ஸ்பிரிங் அழுத்தி லோடைப் பிடிக்கும், லைனிங் தேய்ந்திருந்தால் பிடி வழுக்கும். ஓவர்லோடும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பேல் பஞ்சு 170 கிலோ. ஐந்து பேல் 850. அவசரத்தில் ஆறாவதையும் சேர்த்தால் 1,020.

'நிறுத்தினால் புரொடக்‌ஷன் போகுமே' என்பது நியாயமான கவலைதான். ஆனால் வார லீவு அன்று திட்டமிட்டு ரோப் மாற்றினால் சில மணி நேரத்தோடு போகும். அறுந்து விழுந்தால் போவது புரொடக்‌ஷன் மட்டும் இல்லை.

விதிகளும் புதுசு இல்லை. தூக்கும் இயந்திரம், செயின், ரோப் எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் முழுசாகச் சோதிக்கணும். கிரேன் ஓடும் பாதையில் ஆள் வேலை செய்தால், கிரேன் 6 மீட்டருக்குள் வராமல் பார்த்துக்கணும். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவிலேயே இது எழுதப்பட்டது. இரண்டாவது விதி, மேலே ஏறி ரிப்பேர் பார்ப்பவரின் உயிருக்கானது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களை எல்லோரும் போட்டோ எடுக்கிறோம். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து முட்டுக்கட்டை போடுபவரை யாரும் எடுப்பதில்லை. அவர் ஒரு நிமிஷம் அசந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். சர்வீஸ்காரரும் அப்படித்தான். அவர் "இதை ஓட்டாதீங்க" என்று சொன்னால் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேணும். நாளைக்கு இன்ஜினியர் நாற்காலியில் உட்காரப்போகும் நாம்தான் அதைக் கொடுக்கணும்.

"அது ஐடிஐ வேலை" என்று நம்ம டிபார்ட்மென்ட்டில் சொல்வதை நிறுத்துவோம். ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் செயின் பிளாக்கை ஒவ்வொரு பேட்ச்சும் ஒருநாள் கழற்றி மாட்டட்டும். கைச்செயினை விட்டாலும் லோடு ஏன் இறங்குவதில்லை என்று கண்ணால் பார்க்கட்டும். அடுத்து டிரெயினிங் போகும் உங்ககிட்டயும் யாராவது செக்லிஸ்ட்டை நீட்டுவாங்க. பேனாவை எடுக்கிறதுக்கு முன்னாடி, ஏணி எங்கேன்னு கேளுங்க.