மந்திரம் திருடும் மாதங்கள்

நாய் கடித்தது என்றதும் மருத்துவமனைக்கு ஓடாமல் மந்திரவாதியின் திண்ணைக்கு ஓடுவோர் இன்றும் இருக்கின்றனர். வேப்பிலை வீசப்படுகிறது, விபூதி பூசப்படுகிறது, காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் அப்பப்படுகின்றன. சில நாளில் புண் ஆறுகிறது. 'பார்த்தீரா மந்திரத்தின் மகிமையை!' என்று பூரிக்கிறார் அவர். ஆறியது புண், அடங்கியதா நோய்? நாம் கேட்கிறோம்.

வெறிநோயைத் தருவது ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ். துப்பாக்கிக் குண்டின் வடிவம். 5 ஜீன்களே கொண்ட அற்ப உரு. ஆயினும் வழி தவறுவதில்லை! வெறிநாயின் உமிழ்நீரோடு தசைக்குள் நுழைகிறது. நரம்பின் கட்டளையைத் தசை பெற்றுக்கொள்வதற்கென்று, இரண்டும் கூடுமிடத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பி என்றொரு புரதம் உண்டு. அது பூட்டு என்றால், வைரஸின் மேலுள்ள முள்ளே அதற்குக் கள்ளச்சாவி. பொருந்தியதும் நரம்பிழைக்குள் புகுந்து, தண்டுவடம் வழியே மூளைக்கு ஏறுகிறது. குருதியில் அலைவதில்லை, ஆகவே உடலின் காவற்படை அதை எளிதில் காண்பதுமில்லை. மூளையைப் பிடித்தபின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது, அடுத்த கடிக்கு ஆயத்தமாக! நோயாளி தண்ணீரைக் கண்டு நடுங்குவது ஏன்? விழுங்க முயன்றால் தொண்டைத் தசைகள் இழுத்துக்கொள்கின்றன. பேயுமில்லை, பிசாசுமில்லை.

மனிதன், மாடு, நரி, வௌவால் என்று பாலூட்டிகள் எதையும் அது விடுவதில்லை. குலம் கோத்திரம் கேளாத கிருமி. நரம்பை மட்டும் கேட்டு வாங்குகிறது.

இந்தப் பயணத்திற்குப் பெரும்பாலும் 2 முதல் 3 மாதங்கள் ஆகும். முகத்தில் கடித்தால் குறையும். காலில் என்றால் கூடும். அந்த அவகாசந்தான் நமக்கு வாய்த்த பேறு. 1885இல் பாரிசில், 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்து செலுத்தச் செய்தது அந்த அவகாசத்தில்தான். நம் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் எழுந்தது அதற்காகத்தான்.

மந்திரவாதி புகழ் பெறுவதும் அதே அவகாசத்தில்தான், தோழர்களே! கடிக்கும் நாய்கள் எல்லாம் வெறிநாய்கள் அல்ல. பிழைத்தவர் அனைவரும் அவர் கணக்கில். மாண்டவர் மட்டும் விதியின் கணக்கில்! என்ன நேர்த்தியான வரவு செலவு! ஆனால் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. திண்ணையில் கழிந்த நாள்களை எவர் திருப்பித் தருவார்?

சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ மந்திரம் எதற்கு? உடனே தடுப்பூசி; குருதி கசியும் கடியென்றால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புச் சீரமும் வேண்டும். ஐயமிருந்தால், தம் பிள்ளையை நாய் கடித்த அன்று மந்திரவாதி எந்தத் திசையில் ஓடுகிறார் என்று சற்றுக் கவனியுங்கள்!