அம்மையை இறக்கியது யார்?

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் நமது இயக்கக் கூட்டம் நடந்தபோது, வயது முதிர்ந்த ஒருவர் எழுந்து நின்று, "என் பேரனுக்குச் சின்னம்மை போட்டது. ஊசியும் போடவில்லை, மாத்திரையும் கொடுக்கவில்லை. வேப்பிலையில் படுக்க வைத்தோம், ஆத்தாளுக்கு வேண்டிக் கொண்டோம், மூன்று தண்ணீர் ஊற்றினோம், இறங்கிவிட்டது. ஆத்தாள் இறக்கவில்லை என்றால் வேறு யார் இறக்கினது? சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டார். சிலர் கை தட்டினார்கள். நம் வாலிபர்களில் சிலர் அவரை உட்காரும்படி சத்தம் போட்டார்கள். அப்படிச் சத்தம் போட்டது தவறு என்பதே நமது அபிப்பிராயம். கேட்டது நியாயமான கேள்வி. மருந்தில்லாமல் வியாதி இறங்கியது என்பது பொய்யல்ல. இறக்கியது யார் என்பதில்தான் அவருக்கும் நமக்கும் தகராறு. அன்று நேரமில்லாமல் சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கு சற்று விரிவாக எழுதுகிறோம்.

காலில் முள் தைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் அந்த இடம் வீங்கிச் சீழ் பிடிப்பதையும், தொடை இடுக்கில் நெறி கட்டிக் கொள்ளுவதையும் பார்க்காத விவசாயி கிடையாது. அந்தச் சீழ் என்ன? பெரும்பாலும் அது நமது ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களின் பிணமேயாகும். முள்ளோடு உள்ளே புகுந்த கிருமிகளை விழுங்கிச் சண்டையிட்டுச் செத்துப் போனவை அவை. 1882-ல் மெட்ச்னிகாவ் என்கிற ருஷ்ய அறிஞர், கண்ணாடி போல் உள்ளே தெரியக்கூடிய நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைச் செருகி வைத்து, மறுநாள் காலையில் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாய் வந்து வளைத்துக் கொண்டிருந்தன. அந்த மீன் குஞ்சு எந்தக் கோயிலுக்கும் நேர்ந்து கொள்ளவில்லை. இந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு 1908-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, நெறி ஏன் கட்டுகிறது? விழுங்கிய கிருமியின் துண்டுகளைச் சில அணுக்கள் சுமந்து கொண்டு, அக்குளிலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் இருக்கிற நிணநீர்க் கணுக்களுக்கு வருகின்றன. அங்கே பி அணுக்கள், டி அணுக்கள் என்று இரண்டு ஜாதி. (இந்த ஜாதியில் மேல் கீழ் கிடையாது, வேலைதான் வேறு.) ஒவ்வொரு அணுவும் ஒரே ஒரு உருவத்தை மாத்திரம் அடையாளம் காணக்கூடியது. ஆனால் கோடிக்கணக்கான அணுக்கள், கோடிக்கணக்கான உருவங்கள். கொண்டு வந்த துண்டு எதற்குப் பொருந்துகிறதோ அந்த அணு மாத்திரம் ஒன்று இரண்டாய், இரண்டு நாலாய்ப் பெருகுகிறது. அந்தப் பெருக்கம்தான் நெறியாக வீங்கிக் கையில் தட்டுப்படுகிறது. இதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

இனி அம்மைக்கு வருவோம். சின்னம்மை வைரஸ் கண்ணுக்குத் தெரியாத கிருமி. அது மூச்சு வழியாகப் புகுந்து நம் அணுக்களுக்குள்ளேயே ஒளிந்து குட்டி போடுகிறது. ஒளிந்திருப்பதை எப்படிக் கண்டு பிடிப்பது? அம்மை கண்ட வீட்டுக்காரர் வாசலில் வேப்பிலை செருகுவதில்லையா? அதைப் போலவே, கிருமி புகுந்த அணுவும் அக்கிருமியின் ஒரு துண்டைத் தன் வெளிப்புறத்தில் நீட்டிக் காட்டுகிறது. அந்த அடையாளத்தைக் கண்ட டி அணு, வீட்டோடு சேர்த்துக் கிருமியை அழித்துவிடுகிறது. பி அணுக்களோ எதிர்ப்பொருள் என்பதைச் செய்து ரத்தத்தில் விடுகின்றன. அது வெளியே திரியும் கிருமிகள் மேல் ஒட்டிக் கொண்டு, அவை வேறு அணுவில் புகாதபடி செய்கிறது. காய்ச்சல்கூட ஆத்தாளின் கோபமல்ல. சண்டைக்காக உடம்பே ஏற்றிக் கொள்ளும் சூடு. கொப்புளம் கண்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொருக்குத் தட்டிவிடும். நாம் மூன்று தண்ணீர் ஊற்றுவதும் அந்தச் சமயத்தில்தானே! சண்டை முடிந்த பிறகு மேளம் அடிக்கிறவன் ஜெயித்தவனாகிறான்.

நிற்க, நம் பாட்டிமார்கள் ஒரு சங்கதியைச் சரியாகவே கவனித்திருந்தார்கள். ஒரு தடவை பெரியம்மை கண்டு பிழைத்தவனுக்கு மறுபடி வராது என்பதே அது. "ஆத்தாள் முத்திரை போட்டுவிட்டாள்" என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். கவனித்தது உண்மை, காரணம் தப்பு. சண்டையில் பெருகிய அணுக்களில் சில, பல வருஷங்கள் உயிரோடிருந்து எதிரியின் உருவத்தை ஞாபகம் வைத்திருக்கின்றன. 1796-ல் ஜென்னர், பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புள நீரை ஒரு பையனுக்குக் குத்தினதும் இந்த ஞாபகத்தை உண்டாக்கத்தான். மாட்டம்மையின் உருவம் பெரியம்மையின் உருவத்தை ஒத்தது. அதனால் ஒன்றைப் பழகிய அணு மற்றதையும் பிடித்துக் கொள்ளுகிறது. பெரியம்மை கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை செத்தார்கள். பிழைத்த ஏழு பேரை ஆத்தாள் கணக்கில் எழுதினவர்கள், அந்த மூன்று பேரை யார் கணக்கில் எழுதினார்கள்? 1975-க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் அது வரவில்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லையென்று அறிவித்தாய்விட்டது. கூழ் ஊற்றுவதும் உண்டியலும் மாத்திரம் குறையவில்லை.

சின்னம்மைக் கிருமி இன்னும் தந்திரமானது. வியாதி இறங்கிய பின்பும் முழுவதும் சாகாமல் நரம்புக்குள் போய்ப் படுத்துக் கொள்ளும். டி அணுக்கள் காவல் இருக்கிற வரையில் எழுந்திராது. வயதாகிக் காவல் தளர்ந்தால், நரம்பின் வழியே வந்து ஒரு பக்கமாகக் கொப்புளிக்கும். இதையே நாம் அக்கி என்கிறோம். அக்கிக்குச் செங்காவி குழைத்து உருவம் எழுதிக் கொள்ளுகிறார்கள். எழுதுகிறவர் மேல் நமக்குக் கோபமில்லை; அவர் யாரையும் கொள்ளையடிப்பதில்லை. எழுதாவிட்டாலும் அனேகமாய் அது சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் நம் தோழர் ஒருவரின் தகப்பனாருக்கு நெற்றியிலும் கண் ஓரத்திலும் அக்கி கண்டது. ஐந்து நாள் எழுதிக் கொண்டு ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். புண் ஆறியது, அந்தக் கண்ணின் பார்வை போனது போனதுதான். அசைக்ளோவிர் போன்ற மருந்து, கொப்புளம் கண்ட 72 மணி நேரத்திற்குள் ஆரம்பித்தால்தான் நன்றாய் வேலை செய்யும்.

கேள்வி கேட்ட பெரியவருக்கும் சிறு வயதில் சின்னம்மை போட்டிருக்கிறதாம். பேரனுக்கு வந்த அதே கிருமி அறுபது வருஷமாய் அவர் நரம்பிலும் படுத்திருக்கக் கூடும். என்றைக்காவது ஒரு பக்கமாய் எரிச்சலும் கொப்புளமும் கண்டால், எங்கு எழுதிக் கொள்ளுவதானாலும் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போகும்படி கூட்டம் முடிந்ததும் அவரிடம் சொன்னோம். "யோசிக்கிறேன்" என்று சொல்லிப் போனார்.