காதை நம்பாதேங்கோ, லொக்கை நம்புங்கோ

"முப்பது வருசமா காதாலை கேட்டே எஞ்சின் ரியூன் பண்ணுறன், எனக்கேன் டேற்றா லொக்கர்?" ரொறன்ரோவில் ஒரு கராஜ் அண்ணையின்ரை இந்த வீரக்கதையை நம்பித்தான் என்ரை சுபாருவில் ரேர்போ அமுக்கத்தைக் கூட்டுவிச்சன். மூண்டாம் கிழமை பிஸ்டன் உடைஞ்சுது. இரண்டு மாதச் சம்பளம் போச்சு.

நிமிசத்துக்கு 6000 சுற்றில் ஒரு சிலிண்டர் செக்கனுக்கு 50 தரம் வெடிக்கும். அதிலை எது நேரந்தவறின வெடியெண்டு எந்தக் காது சொல்லும்? முழு அமுக்கத்தில் 11 சொச்சத்தில் நிக்கவேண்டிய காத்து-பெற்றோல் விகிதம், பெற்றோல் குறைஞ்சு 13க்கு ஏறினால் காருக்குள்ளை இருக்கிறவருக்கு ஒண்டும் விளங்காது. லொக்கரில் கோடு ஏறும். நொக் சென்சர் இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்ததும் அதிலைதான் தெரியும்.

அனுபவம் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அந்தக் கோட்டை வாசிக்கத்தான் அனுபவம் வேணும். லொக் காட்டாதவரிட்டைச் சாவியைக் குடுக்காதேங்கோ.