பதினைந்து வயதில் வாய்பாடு: வெட்கப்பட என்ன இருக்கிறது?



தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளுள் சிலர், இரண்டாம் படிவத்திலோ மூன்றாம் படிவத்திலோ தடுமாறி நிற்கின்றனர். மலாய்மொழிப் பத்தி ஒன்றைத் தங்குதடையின்றி வாசிக்க அவர்களால் இயலவில்லை. ஏழாம் வாய்பாடு பாதியோடு நின்றுவிடுகிறது. பின்னக் கணக்கைக் கண்டாலே எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர்.

இதைக் கண்டதும் பெற்றோர் எடுக்கும் முதல் முடிவு டியூசன். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் டியூசன் நிலையங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், அங்கு மூன்றாம் படிவ மாணவருக்கு மூன்றாம் படிவப் பாடமே நடத்தப்படுகிறது. பள்ளியில் புரியாத அதே பாடத்தை மாலையில் இன்னொருவர் இன்னும் விரைவாக நடத்துகிறார். அடித்தளம் இல்லாத வீட்டுக்கு இரண்டாம் மாடி கட்டுவதற்கு ஒப்பானது இது. இப்பிள்ளைக்குத் தேவை விடுபட்டுப்போன தொடக்கநிலைப் பாடம். அதைக் கற்பிக்க மிகப் பொருத்தமான இடம் வீடே என்பது என் கருத்து.

எங்கே விடுபட்டது?

2011-ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். அவர்கள் 2018-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தனர். எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் பின்தங்கியோரை முதல் மூன்று ஆண்டுகளுக்குள் கண்டறிவதற்காக 2010-இல் தொடங்கப்பெற்ற லினுஸ் திட்டம், இவர்கள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, 2019-இல் முடிவுக்கு வந்தது. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. 2021-இலும் பல மாதங்கள் இயங்கலை வகுப்பாகவே கழிந்தன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி என்றிருந்த வீடுகளில் என்ன கற்றல் நடந்திருக்கும் என்பதை நாம் அறிவோம். வாய்பாடும் வகுத்தலும் பின்னமும் மனத்தில் பதிய வேண்டிய பருவம் அதுதான்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது, பி.டி.3 தேர்வு 2022-இல் நீக்கப்பட்டது. அத்தேர்வுகள் மீண்டும் வேண்டும் என்று நான் வாதாடவில்லை. எனினும், 'உங்கள் பிள்ளை பின்தங்கியிருக்கிறான்' என்று பெற்றோரிடம் உரக்கச் சொல்லும் மணியோசை நின்றுபோனது உண்மை. பள்ளி அறிக்கையில் அடைவுநிலை 1 என்றும் 2 என்றும் இருப்பதன் பொருளைப் பெற்றோர் பலர் உணர்வதில்லை. இப்பிள்ளைகள் எழுதப்போகும் முதல் அரசுப் பொதுத்தேர்வு எஸ்.பி.எம். ஆகும். அதில் மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. அதுவரை காத்திருந்து உண்மையை அறிந்துகொள்வது பெருந்தவறு.

முதலில் சோதித்துப் பாருங்கள்

கற்பிக்கத் தொடங்குமுன் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதை அறிய வேண்டும். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

1. மூன்றாம் ஆண்டு மலாய்மொழி நூலிலிருந்து நூறு சொற்கள் கொண்ட பகுதியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பத்துச் சொற்களுக்குமேல் இடறினால், அதைவிட எளிய நூலிலிருந்து தொடங்குங்கள்.

2. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய ஒவ்வொன்றிலும் ஐந்து கணக்குகள் கொடுங்கள். கணிப்பான் வேண்டா. விடையைக் காட்டிலும் அவன் கணக்கிடும் முறையைக் கவனியுங்கள். விரல்விட்டு எண்ணுகிறானா? கடன் வாங்கும் இடத்தில் தவறுகிறானா?

3. ஒரே பிரச்சனைக் கணக்கை முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் கொடுங்கள்.

மூன்றாவது சோதனையே மிக முக்கியமானது. தமிழ்ப்பள்ளியில் 'பின்னம்' என்று கற்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் 'பெச்சாஹான்' என்ற சொல்லைக் கேட்டு விழிக்கிறான். தமிழில் கேட்டால் விடை சொல்லும் பிள்ளைக்குக் கணிதம் தெரியும், சொல்தான் தெரியவில்லை. அவனுக்குத் தேவை இருமொழிக் கலைச்சொற்கள் அடங்கிய ஒரு சிறு குறிப்பேடு மட்டுமே. இவ்வேறுபாட்டை அறியாமல் 'கணக்கில் மக்கு' என்று முத்திரை குத்துவது அநீதி! தமிழில் கேட்டும் விழிப்பவனுக்குத்தான் கணிதத்தை அடியிலிருந்து கற்பிக்க வேண்டும். அதையும் அவன் முதலில் கற்ற தமிழிலேயே விளக்குங்கள். புரிந்தபின் மலாய்ச் சொல்லைக் கொடுங்கள்.

நாள்தோறும் நாற்பது நிமிடம்

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிநேரம் உட்கார வைப்பதைவிட இது பன்மடங்கு பயன் தரும்.

முதல் பதினைந்து நிமிடம் வாசிப்பு. வாய்விட்டு வாசிக்க வேண்டும். நீங்கள் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். மலாயில் நீண்ட சொற்களைக் கண்டு மலைக்கும் பிள்ளைக்கு வேர்ச்சொல்லைக் காட்டுங்கள். 'அஜார்' என்பதிலிருந்து 'மெங்காஜார்' வருகிறது, 'பெலாஜாரான்' வருகிறது என்று முன்னொட்டையும் பின்னொட்டையும் பிரித்துக் காட்டினால், ஒரு வேர்ச்சொல் ஐந்தாறு சொற்களுக்கு வழிதிறக்கும்.

அடுத்த பதினைந்து நிமிடம் கணிதம். பத்தாம் வாய்பாடு வரையில் நூறு பெருக்கல்கள் உள்ளன என்று பிள்ளை அஞ்சுகிறான். அவனோடு அமர்ந்து எண்ணிப் பாருங்கள். 1, 2, 5, 10 ஆகிய வாய்பாடுகள் பெரும்பாலும் தெரிந்தவை. 7 x 8 தெரிந்தால் 8 x 7 தானாகத் தெரியும். எஞ்சியிருப்பவை 3, 4, 6, 7, 8, 9 ஆகிய எண்களுக்கிடையிலான 21 பெருக்கல்கள் மட்டுமே! வாரத்திற்கு மூன்று என்று மனனம் செய்தால் ஏழு வாரங்களில் முடிந்துவிடும். நூறு என்று நினைத்திருந்தது இருபத்தொன்று என்று அறியும்போது பிள்ளைக்குப் பிறக்கும் நம்பிக்கை, அந்த வாய்பாட்டைவிடப் பெரியது.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஐந்து வாக்கியங்கள் எழுதட்டும். அன்று நடந்ததைப் பற்றி எழுதினால் போதும். எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் வட்டமிடாதீர்கள். நாளுக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள்.

வெட்கம் என்னும் சுவர்

பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் முயல் படம் போட்ட நூலைக் கொடுத்தால் வாங்க மாட்டான். பாடம் தொடக்கநிலையாக இருக்கலாம். பொருள் அவன் வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கால்பந்துச் செய்தியை வாசிக்கச் சொல்லுங்கள். கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குச் செல்லும் கொமுட்டர் இரயிலின் கால அட்டவணையைக் கொடுத்துப் பயண நேரத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முன் ஜாலான் தெங்கு கிளானா கடைகளில் தொங்கும் தள்ளுபடி அட்டைகளைவிடச் சிறந்த விழுக்காட்டுப் பாடம் உண்டா? தம்பி தங்கையர் முன்னிலையில் சோதிக்காதீர்கள். உறவினர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

"சார், நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். எங்களுக்கு நேரம் ஏது?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஞாயமான கேள்விதான். அக்காளோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளையோ அந்த நாற்பது நிமிடத்தை ஏற்கலாம். ஆனால், வாரத்தில் ஒரு நாளாவது தாயோ தந்தையோ அருகில் அமர வேண்டும். தம் முன்னேற்றத்தை வீட்டில் ஒருவர் கவனிக்கிறார் என்னும் உணர்வு பிள்ளைக்கு வேண்டும்.

பள்ளியை விட்டு நிறுத்தலாமா?

பிள்ளையைப் பள்ளியிலிருந்தே நிறுத்தி, முழுநேரமும் வீட்டில் கற்பிக்கலாமா என்று சிலர் வினவுகின்றனர். நான் பரிந்துரைப்பதில்லை. தொடக்கக்கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயமாகும். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. சட்டம் ஒருபுறமிருக்க, பள்ளியை விட்டு நின்ற பதின்ம வயதினர் மீண்டும் பள்ளிக்குத் திரும்புவது எளிதன்று. பள்ளியும் தொடரட்டும், வீட்டுப் பாடமும் நடக்கட்டும். வகுப்பாசிரியரைச் சந்தித்து, வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொல்லிவையுங்கள்.

மூன்று நான்கு மாதங்கள் ஒழுங்காக முயன்றும் எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதே பெரும்பாடாக இருந்தால், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்டிப் பரிசோதியுங்கள். அதை மறைப்பதால் பிள்ளைக்கு நன்மையில்லை.

நம் சமூகத்தில் இத்தகைய முயற்சிகள் புதியவை அல்ல. 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியபோதும், 2011-இல் வழக்கறிஞர் பசுபதி சிதம்பரம் பள்ளியை விட்டு விலகிய இளையோருக்காக மைஸ்கில்ஸ் அறவாரியத்தை நிறுவியபோதும், அவர்களை இயக்கியது ஒரே நம்பிக்கைதான்: நம் பிள்ளைகளால் முடியும். ஆனால், பிள்ளை பள்ளியை விட்டு விலகியபின் ஓர் அறவாரியம் கைகொடுக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

ஆசிரிய நண்பர்களே, ஆறாம் ஆண்டு மாணவரை அனுப்பிவைக்கும் முன், அவர் எதில் பின்தங்கியுள்ளார் என்பதைப் பெற்றோரிடம் ஒளிவுமறைவின்றிக் கூறுங்கள். 'பரவாயில்லை, போகப்போகச் சரியாகிவிடும்' என்ற ஆறுதல் மொழி வேண்டா. பெற்றோர்களே, இன்றிரவே பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவன் இடறும் முதல் சொல்லே நீங்கள் தொடங்க வேண்டிய இடம்.