சமையற்கழிவு எரிவாயுவும் நொதிப் பொடியும்

ஒரு கன மீட்டர் எரிவாயு பெறுவதற்குச் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். இரண்டு மூன்று மாடுகள் இல்லாத வீட்டிற்கு இது எட்டாதது. ஆகையால் கூட்டேரிப்பட்டு முதலிய ஊர்களில் மாடு குறைந்த குடும்பங்களுக்குச் சமையற்கழிவே ஏற்றது. ஆனால் கடையில் விற்கும் நொதிப் பொடியைச் சேர்த்தால்தான் வாயு பெருகும் என்று எண்ணிப் பணம் செலவழிக்குமுன், குடியானவர்கள் சில விஷயங்களை யோசிப்பது உத்தமம்.

என்சைம் எனப்படும் நொதி உயிருள்ள வஸ்துவன்று. உயிர்கள் உண்டாக்கும் புரதமாகும். சோற்றை அமிலேசும், காய்கறி நாரைச் செல்லுலேசும், எண்ணெயை லிப்பேசும் சிதைத்துக் கரைக்கின்றன. கரைந்ததை ஒருவகை நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்ய, வேறொரு வகை அப்புளிப்பை மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன. எனவே நொதி முதற்படிக்கே துணை செய்யும்.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், பழஞ்சோற்றிற்கு நொதி அவசியமில்லை. அது தானே விரைவில் கரையும். மீத்தேன் நுண்ணுயிர்களோ மெதுவாகப் பெருகுபவை. கரைவதை மேலும் துரிதப்படுத்தினால் புளிப்பு மிஞ்சி வாயு குன்றவும் கூடும். கீரைத்தண்டு, வைக்கோல் போன்ற நார்ப்பொருள்களுக்குச் செல்லுலேசு அனுகூலமாகலாம். மணிலாத் தோலிலுள்ள லிக்னினையோ அது கரைக்காது.

மேலும், நாரைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றிலேயே வாழ்கின்றன. புதுச்சாணக் கரைசல் விலையின்றிக் கிடைக்கும் மருந்தாகும். கழிவைப் பொடியாக நறுக்கிச் சம அளவு நீருடன் நாள்தோறும் சிறிது சிறிதாக இடுவதும், எலுமிச்சைத் தோலையும் சோப்பு நீரையும் விலக்குவதும் முதற்கடமை. புளிநாற்றம் வீசி வாயு குறைந்தால், சில தினங்கள் கழிவிடுவதை நிறுத்திச் சாணக் கரைசல் ஊற்றுக.

பொடியின் பயனைக் கிராமத்திலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று கலங்களில் ஒரே கழிவையும் சாணக் கரைசலையும் இடுக. ஒன்றில் பொடியையும், இரண்டாவதில் அதே எடைப் பொடியை நீரில் நன்கு கொதிக்க வைத்து ஆறியபின்பும் சேர்த்து, மூன்றாவதை வெறுமனே விடுக. கொதிப்பில் நொதி பெரும்பாலும் செயலிழக்கும். நீர் நிறைத்துக் கவிழ்த்த பாத்திரத்தில் வாயுவைப் பிடித்து 30 நாள் அளந்தெழுதுக. முதற்கலம் மற்ற இரண்டையும் விஞ்சினால் மட்டுமே லாபம் நொதியினுடையது. முதலிரண்டும் சமமாயின், பொடி வெறும் தீனியாகவே உதவிற்று என்று கொள்க.

ஊராட்சிப் பணத்தில் பொடி வாங்க முற்படும் அதிகாரிகள் இத்தகைய கணக்கைக் கேட்டுப் பெறுவது அவர்தம் கடமை. அதிகமாய்க் கிடைத்த வாயுவின் மதிப்பு பொடியின் விலைக்குக் குறைந்தால், அச்செலவு வீண் என்பது திண்ணம்.