சிறுநீரக நோயாளியின் சோற்றுத்தட்டு

சிறுநீரகம் செயலிழந்து, வாரந்தோறும் வைத்தியசாலை சென்று குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் ஒருவருக்கு, வரிப்பத்தான்சேனை போன்ற நம் ஊர்களில் அன்பின் மிகுதியால் இளநீரும் வாழைப்பழமும், நோன்பு காலத்தில் பேரீச்சம்பழமும் கொடுத்து உபசரிப்பது, அவற்றில் மலிந்துள்ள பொட்டாசியம் வெளியேற வழியின்றிக் குருதியில் தேங்கி இருதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடுமாதலால், உபகாரமாகாமல் அபாயமாகிவிடுகிறது. ஆயினும், அஞ்சிப் பட்டினி கிடப்பதும் விவேகமன்று. ஒவ்வொரு சுத்திகரிப்பின்போதும் புரதத்தில் ஒரு பகுதி உடலைவிட்டு நீங்குவதால், மீனையும் முட்டையின் வெள்ளைக்கருவையும், உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் சேருமாறு உண்பது அவசியமாகும். கருவாட்டையும் ஊறுகாயையும் விலக்கி, மரக்கறியைச் சிறுதுண்டுகளாக அரிந்து நிறைந்த நீரில் அவித்து, பொட்டாசியம் கரைந்த அந்நீரை வடித்துவிட்டுத் தேசிக்காயும் மிளகும் பூண்டும் சேர்த்துச் சமைத்தால், உப்புக் குறைந்தாலும் ருசி கெடாது, தாகமும் மிகாது. நோன்புக் கஞ்சியும் ஆணமும்கூட அளவோடு பருக வேண்டிய அன்றாடத் தண்ணீர்க் கணக்கில் சேர்பவையே. ஆகவே, விலக்க வேண்டியவற்றின் பட்டியலை நோயாளியின் கையில் கொடுப்பதோடு நில்லாமல், எதனை, எவ்வளவு, எவ்விதம் சமைப்பது என்பதை அவர் வீட்டு அடுப்படியில் நிற்பவருக்கும் பொறுமையோடு போதிப்பது, சிகிச்சையின் பிரிக்கவொண்ணாத அங்கமாதல் வேண்டும்.